மேற்குப் பால்கனிக்கு நேர் எதிரே டிவி: 65 ஓலெட்டா, 75 மினி எல்இடியா?

மூணாவதுமாடி கேட்டது:

வணக்கம். சென்னையில் புது ஃப்ளாட், மூணாவது மாடி. ஹால் 18 அடி நீளம், 12 அடி அகலம், ஃபால்ஸ் சீலிங் 9 அடி உயரம். டிவி வரப்போற சுவர் கிழக்கே இருக்கு. அதுக்கு நேர் எதிரே, மேற்குல, பால்கனியோட 8 அடி அகல ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு. பால்கனிக்கு மேல ஸ்லாப் 4½ அடி வெளிய நீட்டிட்டிருக்கு. எதிர்ல உயரமான கட்டடம் எதுவும் கிடையாது.

சோஃபா எல் வடிவம். நடுவுல உட்கார்ந்தா திரைக்கு 11 அடி. எல்லோட குட்டைக் கை தெற்குச் சுவர் ஓரமா வருது, அப்பா அம்மா இடம் அதுதான். அங்கிருந்து திரை 30 டிகிரி சாய்வுல தெரியும். சீலிங்ல 12 வாட் டவுன்லைட் ஆறு, ஓரத்துல சீலிங் விளிம்புக்குள்ள மறைஞ்சு எரியிற கோவ் லைட். இன்டீரியர்காரர் டிவி பாயிண்டை 5 அடி உயரத்துல வெச்சிருக்கார்.

பகல்ல செட் டாப் பாக்ஸ்ல செய்தியும் சீரியலும் ஓடும். சீசன்ல சனி ஞாயிறு மூன்றரை மணி ஐபிஎல். ராத்திரி லைட்டை அணைச்சுட்டு ஓடிடி படம். பட்ஜெட் மூணு லட்சம். ஷோரூம்ல ஓலெட் முன்னாடி நின்னா வேற எதுவும் கண்ணுல ஏறலை. ஆனா எங்க வீட்டு வெளிச்சத்துல அது எப்படி நிக்கும்னு அங்க யாருக்கும் சொல்லத் தெரியலை. எதை வாங்கலாம்?

நிட்ஸ்கணக்கு:

மாடல் பேசும் முன் இரண்டு சோதனைகள் செய்துவிட்டு வாருங்கள். இரண்டுக்கும் செலவில்லை.

முதலாவது கண்ணாடிச் சோதனை. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை டிவி வரும் இடத்தில் சுவரோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். நடுவிலும் நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். நீங்கள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கண்ணாடியில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். அதில் தெரிவது எல்லாம் நாளை டிவியிலும் தெரியும். அப்பா அம்மா உட்காரும் இடத்திலிருந்தும் பாருங்கள், அங்கே தெரிவது வேறாக இருக்கும்.

இரண்டாவது லக்ஸ் அளவு, அதாவது ஒரு பரப்பின் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பது. ஆண்ட்ராய்டு போனில் இலவச லக்ஸ் மீட்டர் ஆப் போதும். போனின் முதுகை டிவி சுவரில் ஒட்டி, முகம் அறையைப் பார்க்க வைத்து அளக்க வேண்டும். சோஃபாவில் உட்கார்ந்து அளந்தால் பயனில்லை, திரையின் மேல் விழும் வெளிச்சம்தான் கணக்கு. காலை 10, மதியம் 1, மூன்றரை, மாலை 5, அப்புறம் இரவில் எந்தெந்த விளக்குப் போடுவீர்களோ அவை தனித்தனியாக. போன் சென்சார் துல்லியமாக இருக்காது, பரவாயில்லை. நமக்குத் தெரியவேண்டியது 50-ஆ, 150-ஆ, 500-ஆ என்பதுதான்.

இரண்டும் ஏன் என்றால், தொல்லை இரண்டு வகை. கண்ணாடியில் தெரிவது நேர்ப் பிரதிபலிப்பு. பகல் வானம் தெரியும் கதவின் ஒளிர்வு 3,000 நிட்ஸ் (ஒரு பரப்பின் பிரகாசத்தை அளக்கும் அலகு) தாராளமாக இருக்கும். பூச்சில்லாத கண்ணாடி அதில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். நல்ல பூச்சுள்ள விலை உயர்ந்த திரை 1.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் 45 நிட்ஸ். படத்தில் இருட்டான முகம், கறுப்புச் சட்டை எல்லாம் 5 நிட்ஸுக்குள் இருக்கும் சமாச்சாரம். 45-க்கு அடியில் 5 இருந்தால் என்ன தெரியும்? கதவுதான் தெரியும்.

லக்ஸ் காட்டுவது சிதறல். அறை வெளிச்சம் மொத்தமாகத் திரையில் பட்டுக் கறுப்பைச் சாம்பலாக்குவது. அதற்கும் எளிய கணக்கு உண்டு: லக்ஸை திரையின் சிதறல் விகிதத்தால் பெருக்கி 3.14-ஆல் வகுத்தால் நிட்ஸ். அளவு வந்ததும் போட்டுப் பார்ப்போம்.

கவர்டிரைவ்:

அளக்கிறது நல்லதுதான், ஆனா இந்த ஹாலுக்கு விடை பாதி இப்பவே தெரியுது. 75 மினி எல்இடி. ஓலெட்ல ஒவ்வொரு பிக்சலும் தானே எரியும்; மினி எல்இடியில எல்சிடி திரைக்குப் பின்னால குட்டிக் குட்டி விளக்குங்க மண்டலம் மண்டலமா எரியும்.

ஓலெட்டோட விளம்பரத்துல போடுற 1,500, 2,000 நிட்ஸ் எல்லாம் திரையில பத்துல ஒரு பங்கு மட்டும் வெள்ளையா இருக்கும்போது வர்ற அளவு. திரை முழுக்க வெளுத்தா பவர் கட்டுப்பாடு உள்ள புகுந்து இறக்கிடும். பகல் மேட்ச்ல திரை முழுக்க வெயில் பட்ட பச்சைப் புல், நடுவுல வெளுத்த பிட்ச், மேல கேலரி. ஓலெட்டுக்கு இதைவிடக் கஷ்டமான படம் இல்லை. எல்ஜி சி வரிசை மாதிரி நடுத்தர ஓலெட் முழுத்திரைக்கு 200 நிட்ஸை ஒட்டித்தான் தரும். 2025-ல நாலடுக்கு பேனலோட வந்த எல்ஜி ஜி5 முந்நூறைத் தாண்டும். ஒழுங்கான மினி எல்இடி அறுநூறுக்கு மேல, அதுவும் மணிக்கணக்கா. வைட் ஷாட்லயும் க்ளோஸ்அப்லயும் வெளிச்சம் ஏறி இறங்குற ஆட்டம் இருக்காது.

அளவும் பாருங்க. 11 அடின்னா 132 இன்ச். திரை ஓரத்துக்கு ஓரம் கண்ணுல 30 டிகிரி கோணம் பிடிக்கணும்னா மூலைவிட்டத்தைப் போல 1.6 மடங்கு தூரத்துல உட்காரணும், அதாவது 82 இன்ச் திரை. 65 வெச்சா தூரம் இரண்டு மடங்கு. ஸ்கோர் தெரியும், பந்து தெரியாது.

மினி எல்இடியில ஒரே ஒரு வில்லங்கம் உங்க எல் சோஃபா. இந்த டிவிகள்ல பெரும்பாலானவை விஏ பேனல்ங்கிற எல்சிடி வகை. நேரே உட்கார்ந்தவங்களுக்குக் கறுப்பு நல்லா இருக்கும். 30 டிகிரியில உட்கார்ந்தவங்களுக்கு நிறம் வெளிறிடும், சிவப்புச் சேலை பழைய செங்கல் நிறத்துக்கு வந்துடும். அதனால வைட் ஆங்கிள் அடுக்கு உள்ள மாடல் மட்டும் பாருங்க. சாம்சங் க்யூஎன்90 வரிசையிலயும் சோனி பிராவியா 9-லயும் அது இருக்கு. அந்த அடுக்குக்கும் விலை உண்டு: கறுப்பு கொஞ்சம் குறையும், சில திரைகள்ல விளக்கோட பிரதிபலிப்பு வானவில் கோடா இழுத்துக்கிட்டுத் தெரியும்.

மூணாவதுமாடி:

அளந்துட்டேன்.

காலை 10: 90 லக்ஸ். மதியம் 1: 140. மூன்றரை: 320. மாலை 5: 700, அதோட தரையில வெயில் பட்டை சோஃபாவைத் தாண்டி வந்துடுச்சு. ராத்திரி டவுன்லைட் ஆறும் போட்டா 110, கோவ் மட்டும்னா 25.

கண்ணாடியை டிவி பாயிண்ட் உயரத்துலயே பிடிச்சோம். நடு சோஃபாவுல இருந்து பார்த்தா கீழ்ப் பாதியில பால்கனிக் கதவோட மேல் பாதி பளிச்சுனு, மேல் பகுதியில கடைசி வரிசை டவுன்லைட் ரெண்டும். அப்பா இடத்துல இருந்து கதவே தெரியலை, வடக்குப் பக்கம் இருக்கிற கிச்சனோட ட்யூப்லைட்தான் தெரியுது.

கதவுக்கு வெள்ளை மெல்லிய திரைச்சீலை போடலாம்னு வீட்ல பேச்சு. அது போதுமா?

நிட்ஸ்கணக்கு:

மேற்குக் கதவுக்கு வெள்ளை மெல்லிய சீலை போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். பிற்பகல் வெயில் நேராக விழும் சீலையில் 50,000 லக்ஸ் வரும். துணி அதில் 40 சதவீதத்தைச் சிதறவிட்டு உள்ளே அனுப்பினால் 6,000 நிட்ஸுக்கு மேல். வெறும் வானத்தைவிடப் பிரகாசமான 8 அடி லைட் பாக்ஸை டிவிக்கு எதிரே நிறுத்தியது போல ஆகும். சீலை வேண்டுமென்றால் போடுங்கள், ஆனால் அது அழகுக்கு மட்டும், வேலைக்கு இல்லை.

வெயில் எப்போது எவ்வளவு உள்ளே வரும் என்று பாருங்கள். ஏப்ரல் நடுவில் சென்னையில் சூரியன் மறைவது 6:20-ஐ ஒட்டி. மூன்றரைக்கு அது சுமார் 40 டிகிரி உயரத்தில் இருக்கும். உங்கள் 4½ அடி ஸ்லாப் அப்போது கதவின் மேல் 4 அடியை மறைத்துவிடும், வெயில் கதவிலிருந்து மூன்றரை அடிதான் உள்ளே விழும். 5 மணிக்கு 20 டிகிரிக்கு இறங்கியிருக்கும், வெயில் 15 அடி உள்ளே போகும். நீங்கள் பார்த்த பட்டை அதுதான். ஐந்தே முக்காலுக்கு 9 டிகிரிக்குக் கீழே. அப்போது டிவி சுவரிலேயே மூன்றரை அடி உயரம் வரை நேர் வெயில் அடிக்கும், எதிரில் மறைப்பு இல்லை என்கிறீர்களே. ஓலெட்டோ எல்சிடியோ, நேர் வெயில் தினமும் பேனலில் விழக்கூடாது. வண்ண அடுக்கு, பூச்சு எல்லாவற்றுக்கும் கெடுதல். ஆக மறைப்பு என்பது விருப்பம் இல்லை, கட்டாயம்.

என்ன மறைப்பு? கதவின் உள்பக்கம் சன்ஸ்கிரீன் ரோலர் பிளைண்ட், துளை அளவு (துணிப் பரப்பில் ஓட்டைகளின் பங்கு) 3 சதவீதம், அடர் சாம்பல் அல்லது கருப்பு நிறம். கடைக்காரர் வெளிர் நிறம்தான் ஹாலுக்கு நல்லது என்பார். வெளிர் துணி வெயிலைச் சிதறடித்துத் தானே ஒளிரும். அடர் துணி ஒளிராது, அதன் வழியே வெளியேயும் தெளிவாகத் தெரியும். வானம் 5,000 நிட்ஸ் என்றாலும் 3 சதவீதத் துணிக்குப் பின்னால் 150 ஆகும், திரையில் அது 2 நிட்ஸ் சொச்சம். 45 எங்கே, 2 எங்கே.

பிளைண்டை ஃப்ரேமுக்குள் பொருத்தினால் இரண்டு பக்கமும் அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி நிற்கும், அது திரையில் இரண்டு வெள்ளைக் கோடாகத் தெரியும். ஃப்ரேமுக்கு வெளியே சுவரில் மாட்டி, பக்கத்துக்கு 4 அங்குலம் கூடுதலாக எடுங்கள். ராத்திரிப் படத்துக்காக அதன் முன்னால் பிளாக்அவுட் கர்ட்டன். அதன் அகலம் கதவைப் போல இரண்டு மடங்கு, அடிப்பாகம் தரைக்கு அரை அங்குலம் மேலே, உச்சியில் கர்ட்டன் கம்பியை மூடும் ஒரு பெல்மெட். பெல்மெட் இல்லாவிட்டால் மேலே கசியும் வெளிச்சம் சீலிங்கில் பட்டு அறை முழுக்கப் பரவும்.

முடிந்தால் பால்கனியின் வெளி விளிம்பில் மூங்கில் தட்டி. உள்ளே போடும் எதுவும் வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகுதான் தடுக்கிறது, சூடு ஹாலுக்குள் வந்துவிடும். தட்டி வெளியிலேயே நிறுத்தும், ஏசிக்கும் மிச்சம். அசோசியேஷன் அனுமதிக்குமா என்பது மட்டும் உங்கள் பாடு.

இப்போது சிதறல் கணக்கு. திரையின் சிதறல் 1 சதவீதம் என்று வையுங்கள். 320 லக்ஸில் கறுப்பு 1 நிட் ஆகிவிடும். ஓலெட்டின் கறுப்பு பூஜ்யம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் பேச்சுக்குத்தான், 200 நிட்ஸ் வெள்ளைக்கு 200-க்கு 1 கான்ட்ராஸ்ட். அதே அறையில் 600 நிட்ஸ் மினி எல்இடிக்கு ஏறக்குறைய 600-க்கு 1. கோவ் லைட் மட்டும் எரியும் 25 லக்ஸில் கறுப்பு 0.08. அங்கே ஓலெட்டை 100 நிட்ஸில் வைத்தாலே 1,200-க்கு 1, அதுவும் இருண்ட காட்சியில் எந்த மண்டலமும் கசியாமல். பிளைண்ட் போட்ட பின் மூன்றரை மணிக்கு எவ்வளவு என்று மறுபடி அளங்கள். 60-க்குக் கீழே வந்தால் என் ஓட்டு ஓலெட்டுக்கு. கவர்டிரைவ் சண்டைக்கு வருவார், வரட்டும்.

கவர்டிரைவ்:

வர்றேன். பிளைண்டை மூன்றரை மணிக்கு இறக்குவீங்க சரி. பகல் 11 மணிக்குச் செய்தி பார்க்கிற அப்பா ஹாலை இருட்டாக்கிக்கிட்டு உட்காருவாரா? வீட்ல யார் எப்ப எந்தத் திரையை இழுப்பாங்கன்னு நேர்மையா யோசிச்சுட்டு முடிவு பண்ணுங்க. பட்டன் அழுத்தினா இறங்குற மோட்டார் பிளைண்டா இருந்தா நீங்க சொல்றது நடக்கும். கயிறு பிடிச்சு இழுக்கிறதுன்னா முதல் வாரத்தோட சரி.

டார்ச்லைட்:

ஓலெட் என்று முடிவானாலும் ஓலெட்டில் இரண்டு சாதி உண்டு, வெளிச்சமான அறையில் இரண்டும் ஒன்றல்ல.

எல்ஜி பேனல்கள் டபிள்யூ-ஓலெட். முன்னால் போலரைசர் என்ற, வெளி வெளிச்சத்தை விழுங்கும் படலம் இருக்கும், வெளிச்சத்திலும் கறுப்பு கறுப்பாக நிற்கும். சாம்சங் எஸ்95 வரிசை, சோனி ஏ95எல், பிராவியா 8 மார்க் 2 எல்லாம் 65 அளவில் க்யூடி-ஓலெட். இதில் போலரைசர் கிடையாது. இருட்டில் நிறம் அபாரம், 30 டிகிரியிலும் மாறாது. ஆனால் மேலே வெளிச்சம் விழுந்தால் கறுப்பு லேசான ஊதா கலந்த சாம்பலாக எழும்பும். 110 லக்ஸ் டவுன்லைட்டில் உட்கார்ந்து படம் பார்க்கும் வீட்டுக்கு இது உறுத்தும்.

ஷோரூமில் ஒரு நிமிட வேலை: டிவியை அணைக்கச் சொல்லுங்கள். மூன்றடி தள்ளி நின்று போன் டார்ச்சைத் திரையில் அடியுங்கள். டபிள்யூ-ஓலெட்டில் கூர்மையான சின்னப் புள்ளி, சுற்றிலும் கருமை. க்யூடி-ஓலெட்டில் புள்ளியைச் சுற்றிப் பெரிய பரப்பே ஊதா-சாம்பலாக விழிக்கும். பளபளப்பில்லாத மேட் திரையில் புள்ளியே இருக்காது, தட்டு அளவுக்கு மங்கலான வெள்ளை மூட்டம். அந்த மூன்றையும் கண்ணால் பார்த்த பிறகு ப்ரோஷர் தேவைப்படாது.

மேட் பற்றி: 2024-ல் சாம்சங் எஸ்95டியில் கிளேர் ஃப்ரீ என்று கொண்டுவந்தார்கள், 2025-ல் எஸ்95எஃப், க்யூஎன்90எஃப் இரண்டிலும் இருக்கிறது. ஜன்னலின் உருவம் அடையாளமே தெரியாமல் போய்விடும், அது உண்மை. போன வெளிச்சம் எங்கே போனது? திரை முழுக்கப் பரவியிருக்கிறது. எனவே கதவை மறைக்க வழியே இல்லாத அறைக்கு மேட் வரப்பிரசாதம். பிளைண்ட் போட்டு, கதவும் விளக்கும் பிரதிபலிக்காதபடி செய்துவிட்ட அறைக்கு மேட் நஷ்டம், சும்மா கறுப்பை வெளுக்க வைக்கும். உங்கள் அறை இரண்டாவது வகைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. மாடல் பெயர் ஒன்று என்பதால் பேனலும் ஒன்று என்று நம்பாதீர்கள். சாம்சங் எஸ்90டியில் அளவையும் நாட்டையும் பொறுத்து க்யூடி-ஓலெட்டும் வரும், டபிள்யூ-ஓலெட்டும் வரும். வாங்கப்போகும் அளவிலேயே, அதே கடையில், டார்ச் அடித்துப் பாருங்கள்.

டெமோ வீடியோவையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். கறுப்புப் பின்னணியில் தேனும் பூவும் ஓடும் அந்தப் படத்தில் எந்த ஓலெட்டும் ஜெயிக்கும். பென் டிரைவில் ஒரு பகல் மேட்ச் க்ளிப், இருட்டுக் காட்சி உள்ள ஒரு படத்துண்டு கொண்டுபோங்கள். ஸ்டோர் மோடிலிருந்து ஹோம் மோடுக்கு மாற்றி, விவிட் எடுத்துவிட்டு ஃபிலிம்மேக்கர் மோடில் ஓடவிடுங்கள். விற்பனையாளர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

புரொஜக்டர்பித்து:

சுவரை ஒட்டி வைக்கிற 100 இன்ச் அல்ட்ரா ஷார்ட் த்ரோ லேசர் புரொஜக்டர், அறை வெளிச்சத்தை விலக்குற ஏஎல்ஆர் ஸ்கிரீன், யாரும் சொல்லவே இல்லையே?

டார்ச்லைட்:

@புரொஜக்டர்பித்து அந்த ஸ்கிரீன் மேலிருந்து விழும் சீலிங் வெளிச்சத்தைத்தான் விலக்கும். இவர் வீட்டில் வெளிச்சம் எதிரிலிருந்து, கண் மட்டத்தில் வருகிறது. பகல் செய்திக்கு ஆகாது.

சுவிட்ச்போர்டு:

பகல் முழுக்கச் செய்தி சேனல் என்ற வரியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். நம் செய்தி சேனல்களில் கீழே ஓடும் பட்டை, மூலையில் லோகோ, ஓரத்தில் பிரேக்கிங் பெட்டி, எல்லாம் ஒரே இடத்தில், ஒரே சிவப்பில். ஒரு நாளுக்கு எட்டு மணி நேரம், அதுவும் பகல் வெளிச்சத்துக்காக முழு பிரைட்னஸில் ஓடினால் ஓலெட்டில் அந்தப் பட்டையின் தடம் விழ வாய்ப்பு அதிகம். சிவப்பும் மஞ்சளும் எரியும் பிக்சல்கள் மற்றவற்றைவிட வேகமாகத் தேய்வதுதான் காரணம். கலந்து பார்க்கும் வீட்டில் பயப்பட வேண்டியதில்லை. ஒரே சேனல் ஒட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் பயப்படலாம்.

இதோடு சேர்ந்து நம்மூர்ப் பழக்கம் ஒன்று ஓலெட்டைக் கெடுக்கிறது: டிவி பார்த்து முடித்ததும் சுவர் சுவிட்சை அணைப்பது. எல்ஜி ஓலெட் மொத்தம் 4 மணி நேரம் ஓடிய பிறகு ரிமோட்டில் அணைத்ததும் சில நிமிடம் உள்ளுக்குள் பிக்சல்களைச் சரிபார்த்துக்கொள்ளும். 2,000 மணி நேரத்துக்கு ஒரு முறை பெரிய சுற்று உண்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரம். சுவிட்சை அணைத்தால் இரண்டும் நடக்காது. வீட்டில் பெரியவர்கள் தூங்கும் முன் எல்லா சுவிட்சையும் அணைப்பவர்கள் என்றால் டிவி இணைப்பைக் கை எட்டாத இடத்திலிருந்து எடுங்கள், நல்ல சர்ஜ் புரொடெக்டரோடு.

மூணாவதுமாடி:

செய்தி விஷயம் தீர்த்து வெச்சுடுச்சு. அப்பாவை மாத்த முடியாது, டிவியை மாத்தலாம். 75 மினி எல்இடி, வைட் ஆங்கிள் உள்ளது. பிளைண்டும் சொல்லிட்டேன், மோட்டார் வெச்சதே. செட்டிங்ஸ் பகலுக்கும் ராத்திரிக்கும் எப்படி வைக்கிறது? அப்புறம் அந்த டவுன்லைட் ரெண்டையும் என்ன பண்றது? பிராக்கெட் சுவரோட ஒட்டினதா, சாய்க்கிறதா?

நிட்ஸ்கணக்கு:

செட்டிங்ஸ். இரண்டு பட மோடுகளைத் தனித்தனியாகச் சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றையே தினமும் ஏற்றி இறக்க வேண்டாம்.

பகலுக்கு சினிமா மோடு. பேக்லைட் 80-லிருந்து 100, காமா (நிழல் எவ்வளவு இருட்டாக விழும் என்ற அளவு) 2.2, லோக்கல் டிம்மிங் (மண்டலம் மண்டலமாக விளக்கை மங்கவைப்பது) ஹை. இரவுக்கு ஃபிலிம்மேக்கர் மோடு. காமா 2.4 அல்லது பிடி 1886 (சில டிவிகளில் காமா இந்தப் பெயரில் இருக்கும்), பேக்லைட்டை 25 அல்லது 30-க்கு இறக்குங்கள். எஸ்டிஆர் படம், அதாவது எச்டிஆர் அல்லாத சாதாரணப் படம், 100 நிட்ஸுக்காகத்தான் தரப்படுத்தப்படுகிறது, இருட்டில் அதற்கு மேல் போனால் கண் வலிக்கும். வண்ண வெப்பம் இரண்டிலும் வார்ம். வெள்ளை ட்யூப்லைட்டோடு ஒப்பிட்டால் முதலில் மஞ்சளாகத் தெரியும், ஓரிரு நாளில் கண் பழகும்.

பகலில் இருட்டாகத் தெரிகிறது என்று கறுப்பு அளவைத் தொடவே வேண்டாம். பெயர்கள் குழப்பும்: சோனியிலும் புது சாம்சங்கிலும் பிரைட்னஸ் என்பது பேக்லைட். பழைய டிவிகள் பலவற்றில் பிரைட்னஸ் என்பது கறுப்பு அளவு, அதைக் கூட்டினால் நிழலெல்லாம் புகை பிடித்தது போல ஆகும். நிழல் விவரம் வேண்டுமென்றால் காமாவைக் குறையுங்கள்.

எச்டிஆர் (இருட்டுக்கும் பிரகாசத்துக்கும் வீச்சு அதிகமுள்ள) படங்களைப் பகலில் பார்த்தால் எந்த டிவியிலும் இருட்டுக் காட்சி கிணற்றுக்குள் போகும். எச்டிஆரில் ஒவ்வொரு அளவும் இத்தனை நிட்ஸ் என்று கட்டிவைத்துத்தான் வருகிறது, அது இருண்ட அறைக்கான கட்டு. டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகை உள்ள டிவியில் பகலுக்கு பிரைட், இரவுக்கு டார்க் என்று மாற்றலாம். டால்பி விஷன் ஐக்யூ இருந்தால் சென்சார் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். சாம்சங்கில் டால்பி விஷன் கிடையாது, எச்டிஆர்10 பிளஸ் அடாப்டிவ் அந்த வேலையைச் செய்யும். சென்சார் பெரும்பாலும் திரையின் கீழ் விளிம்பில் இருக்கும், அதன் முன் சவுண்ட்பாரை வைத்து மறைத்துவிட்டு டிவி தானாக மங்குகிறது என்று புகார் செய்யாதீர்கள்.

இரவில் முழு இருட்டு வேண்டாம். டிவிக்குப் பின்னால் 6,500 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல் உள்ள எல்இடி பட்டை, சுவரில் விழும் ஒளி திரை வெள்ளையில் பத்தில் ஒரு பங்கு. மினி எல்இடியில் சப்டைட்டிலைச் சுற்றி வரும் மூட்டமும் இதனால் கண்ணில் படாது. வண்ணம் மாறும் பட்டை வாங்காதீர்கள், அதில் வெள்ளை என்பது பேருக்குத்தான்.

இனி டவுன்லைட். பழுது விளக்கில் இல்லை, டிவி பாயிண்டின் உயரத்தில் இருக்கிறது. உட்கார்ந்தால் உங்கள் கண் மூன்றரை அடியில். திரை நடு 5 அடி என்றால் 75 இன்ச்சின் மேல் விளிம்பு ஆறரை அடி. கண்ணிலிருந்து மேல்நோக்கிப் போகும் பார்வை திரையில் பட்டு அதே சாய்வில் மேலே ஏறி சீலிங்கைத் தொடும், அங்கேதான் உங்கள் கடைசி வரிசை விளக்கு. திரை நடுவை மூன்றரை அடிக்கு இறக்குங்கள், அதாவது கீழ் விளிம்பு தரையிலிருந்து 2 அடி. மேல் விளிம்பு 5 அடியோடு நிற்கும், அங்கே பட்டுத் திரும்பும் பார்வை எதிர்ச் சுவரில் ஏழரை அடி உயரத்தில் முடிந்துவிடும், 9 அடி சீலிங்கைத் தொடவே தொடாது. கழுத்துக்கும் நல்லது. எலக்ட்ரீஷியன் பாயிண்டைக் கீழே இறக்கப் பாதி நாள் வேலை.

இறக்கினால் கதவு திரையின் மேல் பாதிக்கு வரும். அதற்குத்தான் சாய்க்கும் பிராக்கெட். திரையை 5 டிகிரி முன்னால் கவிழ்த்தால் பிரதிபலிப்பு 10 டிகிரி இறங்கும். 18 அடி தூரத்துக் கதவில் அது 3 அடிக்கு மேல். மேல் விளிம்பில்கூட நாலரை அடி உயரத்துக்கு மேல் கதவு தெரியாது, அதிலும் பெரும்பகுதியை சோஃபாவும் உட்கார்ந்திருப்பவர்களும் மறைப்பார்கள். பதிலுக்குத் தரை தெரியத் தொடங்கும். விட்ரிஃபைட் டைல்ஸ் பளபளப்பதால் சோஃபாவுக்கும் டிவிக்கும் நடுவே அடர் நிறக் கம்பளம் ஒன்று. கிச்சன் ட்யூப்லைட்டுக்கு டிஃப்யூஸர் மூடி போட்டாலே போதும்.

துளை போடும் முன் மாஸ்கிங் டேப்பால் சுவரில் கட்டம் ஒட்டிப் பாருங்கள்: 75 இன்ச்சுக்கு அகலம் 5 அடி 5 அங்குலம், உயரம் 3 அடி 1 அங்குலம், கீழ்க்கோடு தரையிலிருந்து 2 அடி. அந்தக் கட்டத்தின் மேல் மூலையில் கண்ணாடியை 5 டிகிரி கவிழ்த்துப் பிடித்து மறுபடி உட்கார்ந்து பாருங்கள். சாய்க்கும் பிராக்கெட் டிவியைச் சுவரிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளி நிறுத்தும், ஆகவே பவர் பிளக்கும் எச்டிஎம்ஐயும் திரைக்குப் பின்னாலேயே அடங்கும். சாக்கெட்டை பிராக்கெட் தகட்டுக்கு நேர் பின்னால் வைக்காமல் ஓர் அடி பக்கவாட்டில் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பிளக்கின் தலை தகட்டில் இடிக்கும்.